மிருதங்கம் கற்ற பியானோக் கலைஞர்

செவ்வியல் இசையில் முறையான பயிற்சி பெற்ற ஒருவர், பிற நிலத்து மக்களின் இசையை வாசிப்பதையும் கற்பிப்பதையும் வாழ்நாள் தொழிலாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் இன்று பல்கலைக்கழகங்களில் இயல்பாகிவிட்டது. 1950களின் இறுதியில் அந்த எண்ணம் மிகச் சிலரிடமே இருந்தது. அதை ஒரு கல்வித் துறையாக வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1927இல் பிறந்த ராபர்ட் இ. பிரவுன். பியானோ பயின்று தேர்ந்த அவர், சென்னையில் ஒரு மிருதங்கக் கலைஞரின் முன் மாணவராக அமர்ந்தார். அந்தக் கலைஞரின் குரு பழனியைச் சேர்ந்தவர். பழனியோ கொங்கு நாட்டின் தெற்கு விளிம்பில் இருப்பது. 1960களின் நடுவில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் கனடா நாட்டு ஆய்வாளர் ஒருவர் தங்கி, உடுக்கைப் பாட்டுக்காரர்கள் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். இவ்விரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, இசை கற்பிக்கும் முறையைப் பற்றிக் கொங்குப் பகுதியினர் எண்ணிப் பார்க்க வேண்டிய சிலவற்றை முன்னே கொண்டுவருகிறது.

பிரவுனுக்கு முன்னரே செவ்வியல் கலைஞர்கள் நாட்டார் இசையைத் தேடிச் சென்றதுண்டு. ஹங்கேரியின் பேலா பார்த்தோக், புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் பியானோப் பேராசிரியராக இருந்துகொண்டே, தம் நண்பர் ஜோல்டான் கோடாயைப் போல, மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹங்கேரிய, ருமேனிய, ஸ்லோவாக்கிய ஊர்களில் உழவர்களின் பாட்டுகளைத் திரட்டினார். 1936இல் துருக்கிவரை சென்றார். அவர் செய்த பணி மிகப் பெரியது என்றாலும், அதன் நடுவில் இருந்தவை பதிவும் ஒப்பாய்வும் புதிய இசையாக்கமுமே. பாடிய உழவரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து ஆசிரியர் இருக்கையில் அமர்த்துவது அந்தக் காலத்தின் திட்டத்தில் இல்லை.

அந்த அடுத்த படியை எடுத்தவர்களுள் மாண்டில் ஹூட் குறிப்பிடத்தக்கவர். ஜாவாவின் கமெலான் இசையை ஆய்ந்த அவர், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இனஇசையியலை, அதாவது ஓர் இசையை அதைப் படைத்த மக்களின் வாழ்வோடு சேர்த்து ஆராயும் துறையை, வேரூன்றச் செய்தார். 1960இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் அவர் முன்வைத்த கருத்து எளியது: ஒரு மக்களின் இசையைப் பற்றி எழுத விரும்புகிறவர், முதலில் அதை வாசிக்கவோ பாடவோ கற்க வேண்டும், இரு மொழிகளில் பேச வல்லவரைப் போல இரு இசைகளில் இயங்க வல்லவராக வேண்டும். கேட்பதற்கு எளிதாயினும், தம் கருவியில் பல ஆண்டுகள் உழைத்துத் தேர்ந்துவிட்ட ஒருவர் மீண்டும் முதல் பாடத்தில் உட்கார வேண்டும் என்பதே இதன் பொருள். அதற்கு உடன்படும் மனம் எல்லாக் கலைஞர்களுக்கும் அமைவதில்லை.

ஹூட்டின் மாணவர்களுள் ஒருவராக இருந்த பிரவுனுக்கு அந்த மனம் இருந்தது. 1958இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அதே பல்கலைக்கழகத்துக்குப் புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன் வந்து சேர்ந்தார். வீணை தனம்மாளின் பேரனும் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பியுமான விஸ்வநாதன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் கற்றவர். அவருடைய அண்ணன் டி. ரங்கநாதன், பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் கற்றவர். பிரவுன் சென்னைக்கு வந்து ரங்கநாதனிடம் பயின்று, தென்னிந்திய மிருதங்க வாசிப்பைப் பற்றிய தம் முனைவர் பட்ட ஆய்வை 1965இல் நிறைவு செய்தார்.

இந்தக் குரு மரபைச் சற்று உற்றுநோக்குவது நல்லது. ஏனெனில் செவ்வியல் இசைக்கும் நாட்டார் இசைக்கும் இடையே உயர்ந்த மதில் ஒன்று இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். இடக்கைப் பழக்கம் உடையவராகவே மிருதங்கத்தில் பெரும்புகழ் ஈட்டிய பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தந்தை முத்தையா பிள்ளை, தவில் மரபில் வந்தவர். முத்தையா பிள்ளையின் குரு புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. பலாமரச் சட்டத்தில் உடும்புத் தோல் போர்த்திய சிறு பறையான கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய பெருமை மாமுண்டியா பிள்ளையையே சாரும். அதற்குமுன் பஜனைகளிலும் ஊர்ப்புறப் பாட்டுகளிலும் ஒலித்துக்கொண்டிருந்த கருவி அது. ஆகவே பிரவுன் செவ்வியல் இசை என்று கற்ற கணக்குகளுக்குள், கோயில் வீதியின் தவிலும் ஊர்ப்புறத்துக் கஞ்சிராவும் ஏற்கெனவே கலந்திருந்தன.

பியானோக் கலைஞர் ஒருவருக்கு மிருதங்கம் எவ்வளவு அயலானது என்பதை இரண்டு கருவிகளின் அமைப்பே காட்டிவிடும். பியானோவின் சுருதியை அதற்கென உள்ள தொழிலாளி வந்து சேர்த்துவிட்டுப் போவார். வாசிப்பவர் அதில் கை வைப்பதில்லை. மிருதங்கக்காரரோ வலந்தலையின் விளிம்பைக் கல்லாலும் கட்டையாலும் தட்டித் தட்டித் தாமே சுருதி சேர்க்க வேண்டும். ரவையை நீர்விட்டுப் பிசைந்து இடந்தலையின் நடுவே அப்பி, அடித்துப் பார்த்து, கூட்டியும் குறைத்தும் கீழ்நாதத்தைப் பதப்படுத்த வேண்டும். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அங்கே தாளில் எழுதிய குறிகளைக் கண் படித்து விரல்களுக்கு அனுப்புகிறது. இங்கே பாடம் வாயில் தொடங்குகிறது: மிருதங்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் உரிய அசைகளைக் கோத்த சொற்கட்டை, கையால் தாளம் போட்டுக்கொண்டே வாயால் சொல்லிப் பழகி, அது உடலில் பதிந்த பிறகே கை தோலைத் தொடுகிறது. குருவின் வாயிலிருந்து மாணவரின் காதுக்குச் செல்லும் இந்த வழியில், தாளை நம்பிப் பழகிய நினைவாற்றல் புதிதாக உழைக்க வேண்டியிருக்கிறது.

1961இல் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த பிரவுன், நவாஹோ பழங்குடியினரின் சடங்குப் பாடல்களை ஆய்ந்துவந்த டேவிட் மெக்கலெஸ்டருடன் இணைந்து, உலகின் பல்வேறு இசைகளை அவ்வவற்றின் கலைஞர்களிடமே கற்கும் பாடத்திட்டத்தை உருவாக்கினார். உலக இசை என்னும் தொடரை இந்தப் பொருளில் முதலில் வழங்கியவரும் அவரே என்பர். 1963இல் ரங்கநாதன் அங்கே உறைவிடக் கலைஞராக, அதாவது பல்கலைக்கழக வளாகத்திலேயே தங்கிக் கற்பிப்பவராகப் பணியேற்றார். இந்த நியமனமே பிரவுனின் பணி முழுவதற்கும் அச்சாணி என்று கொள்ள வேண்டும். தாம் மிருதங்கம் கற்றுவிட்டோம், அதைப் பற்றி ஆய்வேடும் எழுதிவிட்டோம், இனி மாணவர்களுக்குத் தாமே கற்பித்துக்கொள்ளலாம் என்று அவர் நினைக்கவில்லை; தம் குருவையே அழைத்து வந்து ஆசிரியராக்கினார். மிட்டில்டவுன் நகரில் இருந்த அவருடைய வீட்டில் குழம்பும் சோறுமாக விருந்து பரிமாறி, இரவு நெடுநேரம்வரை நடந்த கச்சேரிகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் நினைவில் இன்றும் நிலைத்துள்ளன. உணவும் உரையாடலும் காத்திருப்பும் சேர்ந்ததே தென்னிந்திய இசை கேட்கும் பழக்கம் என்பதை வகுப்பறையால் மட்டும் சொல்லித்தர முடியாது என்று அவர் அறிந்திருந்தார்.

அந்த வளாகத்தில் விளைந்தவற்றுள் தமிழர் நன்கறிந்தது ஜான் ஹிக்கின்ஸின் இசை. வெஸ்லியன் மாணவராக இருந்து ரங்கநாதனிடம் பயின்ற அவர், 1964இல் சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் கற்றலைத் தொடர்ந்தார். 1965இல் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் பாடினார். பின்னாளில் ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைக்கப்பட்டார். 1984இல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது கருநாடக இசையுலகம் தன் வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் வருந்தியது. சிலப்பதிகாரத்தின் இசை நுணுக்கங்களை ஆய்ந்த எஸ். ராமநாதன் அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்ததோடு, முனைவர் பட்டமும் அங்கேயே பெற்றார். கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வீணை கற்றது அவரிடமே. விஸ்வநாதன் 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை ஏற்றிருந்து, பின் அமெரிக்கா திரும்பி, 1975இல் வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்று, 2002இல் மறையும்வரை அங்கே கற்பித்தார். அமெரிக்காவின் மரபுக் கலைஞர்களுக்கு அந்நாட்டு அரசின் கலை அமைப்பு வழங்கும் தேசிய மரபு விருது 1992இல் அவரைத் தேடி வந்தது.

மிருதங்கத்தோடு பிரவுன் நின்றுவிடவில்லை. இந்தோனேசியாவின் ஜாவா, பாலி தீவுகளில் வழங்கும் கமெலான் என்னும் வெண்கலக் கருவிக் குழு அவருடைய இரண்டாம் காதலாக அமைந்தது. இக்குழுவின் கருவிகள் ஒன்றுக்கொன்று மட்டுமே சுருதி சேர்ந்தவை; ஓர் ஊரின் குழுவிலிருந்து ஒரு கருவியை எடுத்து அடுத்த ஊரின் குழுவில் வைத்தால் சேராது. ஸ்லென்ட்ரோ என்னும் ஐந்து சுர அமைப்பும், பெலோக் என்னும் ஏழு சுர அமைப்பும் பியானோவின் சுரங்களோடு பொருந்துவதில்லை. இதைவிட வியப்பூட்டுவது காலக்கணக்கு. கருநாடக இசையில் தாளத்தின் எடை முதல் அட்சரமாகிய சமத்தில் விழுகிறது. மற்றவை அங்கிருந்து புறப்படுகின்றன. ஜாவா இசையிலோ எடை சுற்றின் கடைசியில் இருக்கிறது. பெரிய சேமக்கலம் ஒலிக்கும் அந்த இறுதி அடியை நோக்கியே எல்லாக் கருவிகளும் நகர்கின்றன. எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் முன்னிருந்து பின்னுக்கு மாற்றுவது, வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்கையால் எழுதக் கற்பதைவிடக் கடினமானது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டு முழவிசையில் இவ்விரண்டும் இல்லை; அங்கே இரும்பு மணி ஒன்று மாறாத அடிவரிசையை ஒலித்துக்கொண்டே இருக்க, ஒவ்வொரு முழவும் அந்த மணியை வெவ்வேறு இடத்தில் பற்றிக்கொண்டு நுழைகிறது. கானாவின் ஏபிரகாம் அட்சென்யா, ஜாவாவின் சுமர்சாம் போன்றோர் வெஸ்லியனில் பல்லாண்டுகள் ஆசிரியர்களாக இருந்ததால், ஒரே மாணவர் காலையில் ஒரு கணக்கையும் மாலையில் மற்றொரு கணக்கையும் அதற்குரியவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ள முடிந்தது.

பிரவுன் ஜாவாவில் செய்த ஒலிப்பதிவுகள் நோன்சச் நிறுவனத்தின் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அவற்றுள் யோக்யகார்த்தாவின் பாக்கு ஆலாமன் அரண்மனைக் குழு வாசித்த புஷ்பவர்ணா என்னும் உருப்படி, 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் பொன்னிறத் தட்டில் இடம்பெற்று விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் சென்றுகொண்டிருக்கிறது. அதே தட்டில் உள்ள கேசர்பாய் கேர்க்கரின் இந்துஸ்தானிப் பாடலைப் பரிந்துரைத்தவரும் அவரே. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உலக இசை மையத்தை நிறுவி நடத்தினார். கடம் வித்வான் விக்கு விநாயகராம் அங்கே கற்பித்தார். அந்தக் காலக்கட்டத்தின் தொடர்புகளில்தான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விநாயகராம் ஆகியோரின் சக்தி இசைக்குழு உருவாயிற்று. பின்னர் பிரவுன் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பணியாற்றி, 2005இல் மறைந்தார்.

அவர் கல்விக்காக வழங்கிய தொடருக்கு வணிகம் வேறு பொருள் தந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1987இல் லண்டனில் கூடிய சில இசைத்தட்டு நிறுவனத்தார், மேற்கு நாடுகளுக்கு வெளியிலிருந்து வரும் இசைத்தட்டுகளைக் கடைகளில் அடுக்கும் பெயராக உலக இசை என்பதைத் தேர்ந்தனர். அதன்பின் ஆண்டுக்கணக்கில் குருவிடம் கற்ற இசையும், நான்கு நாள் ஒத்திகையில் பல நாட்டுக் கருவிகளை ஒன்றாக ஒலிக்கச் செய்த இசையும் ஒரே பெயரில் விற்கலாயின. மேடைக் கலப்பு குற்றமன்று. ஆயினும் கற்றலின் இடத்தை அது பிடித்துக்கொள்ள விடுவது பெரும்பிழை.

இப்போது காங்கேயத்துக்கு வரலாம். காளைக்கும் நெய்க்கும் அரிசி ஆலைகளுக்கும் தேங்காய்ப் பருப்புக் களங்களுக்கும் பெயர்பெற்ற இந்த வட்டாரம், தமிழின் நீண்ட கதைப்பாடல்களுள் ஒன்றான அண்ணன்மார் கதையின் வாழிடமும் ஆகும். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரையும் அவர்கள் தங்கையையும் பற்றிய அக்கதை கொங்கில் வெறும் பொழுதுபோக்கன்று. அண்ணன்மார் வழிபடப்படும் தெய்வங்கள். போரில் வீரர் வீழ்வதையும் எழுப்பப்படுவதையும் காட்டும் படுகளம் என்னும் சடங்கில், பாட்டின் வேகம் ஏறும்போது அருள் வந்து விழுவோரை ஊரார் இன்றும் காணலாம். 1964 முதல் 1966 வரை ஓலப்பாளையத்தில் வாழ்ந்த பிரெண்டா பெக் என்னும் அந்தக் கனடா நாட்டு ஆய்வாளர், 1965இல் அக்கதையை இரவு இரவாக இரு பாட்டுக்காரர்கள் பாடப் பதிவு செய்தார். கொங்கின் உழவர் சமூகத்தைப் பற்றி 1972இலும், இக்கதைப்பாடலைப் பற்றி 1982இலும் நூல்கள் எழுதினார். பாடிய பாடத்தைச் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டார். பின்னாளில் அதே கதையை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் ஆக்கினார். ஒரு வட்டாரத்தின் வாய்மொழிக் காப்பியத்துக்கு ஓர் ஆய்வாளர் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருப்பது நன்றியோடு நினைக்கத்தக்கது.

ஆனால் பெக்கின் பணி மானிடவியலும் கதையியலும் சார்ந்தது. பாட்டுக்காரரின் கையில் இருந்த உடுக்கை இன்னும் தன் மாணவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. இடை சிறுத்த உடலின் இருமுகங்களிலும் மெல்லிய தோலைப் போர்த்தி, குறுக்கே ஓடும் கயிற்றை இடக்கையால் அழுத்தியும் தளர்த்தியும் நாதத்தை ஏற்றி இறக்கும் கருவி அது. நைஜீரியாவின் யோருபா மக்களிடையே பேசும் முழவு என்று புகழ்பெற்ற துந்துன், ஜப்பானின் நோ நாடகத்தில் தோளில் வைத்து அடிக்கப்படும் சுசுமி, கேரளக் கோயில்களின் இடக்கை ஆகிய யாவும் இதே நுட்பத்தால் இயங்குவன. சுசுமிக்கு ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கும் குருமரபுகள் உண்டு. துந்துனைக் கற்க நைஜீரியாவுக்குச் செல்லும் வெளிநாட்டு மாணவர்கள் உண்டு. உடுக்கையின் அடிகளை எந்த அசைகளால் சொல்லித் தருவது, வசனத்திலிருந்து பாட்டுக்குத் தாவும்போது கயிற்றின் அழுத்தம் எப்படி மாறுகிறது, பின்பாட்டுக்காரர் எந்த இடத்தில் வாங்கிப் பாடுகிறார் என்பனவெல்லாம் மூத்த பாட்டுக்காரர்களின் உடலில் மட்டுமே தங்கியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் நம்பிக்கை தரும் முன்மாதிரிகளும் இருக்கின்றன. மதுரை வட்டாரத்தில் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி, பாடி, கற்பித்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கோவைப் பகுதியில் வள்ளி ஒயில் கும்மியைப் பல தலைமுறைகளுக்குக் கற்பித்து, ஆண்களே ஆடிவந்த அந்தக் கலையில் பெண்களையும் பழக்கிய பத்ரப்பன் 2024இல் அதே விருதைப் பெற்றார். கொங்கின் ஊர்த் திருவிழாக்களில் சிறுவரும் முதியவருமாக நூற்றுக்கணக்கானோர் வட்டமிட்டுக் கும்மியடிப்பதற்கு இத்தகைய ஆசிரியர்களின் பொறுமையே காரணம். கும்மி கூட்டமாகக் கற்கத்தக்கது என்பதால் விரைந்து பரவியது. தனி ஒருவர் பல்லாண்டுகள் பயின்றால்தான் வசப்படும் உடுக்கைப் பாட்டு அவ்வாறு தானே பரவாது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் முழுநேரப் படிப்புகள் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றைச் சுற்றி அமைந்தவை. கோவையில் அரசு இசைக் கல்லூரியும் இருக்கிறது. இவற்றில் மிருதங்கமும் தவிலும் பயிலும் மாணவர்கள் தாளக்கணக்கில் தேர்ந்தவர்கள். உடுக்கையைக் கற்க அவர்களைவிடப் பொருத்தமானவர் அரியர். குறைவது ஒன்றுதான்: 1963இல் ரங்கநாதனுக்குக் கிடைத்ததைப் போன்ற ஆசிரியர் இருக்கை. கதையை முழுதாகப் பாடத் தெரிந்த பாட்டுக்காரர் ஒருவரை விழா மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், மாதச் சம்பளத்தோடு ஆசிரியராக அமர்த்தி, பட்டம் கேட்காமல், அவர் கற்பிக்கும் முறையிலேயே கற்பிக்க விட வேண்டும். மிருதங்கம் கற்கும் மாணவர் அவர்முன் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். படுகளம் நடக்கும் இரவுகளில் அவரோடு சென்று விடியும்வரை பின்பாட்டுப் பாட வேண்டும்.

கொங்கின் தொழில்முனைவோர் கோயில்களுக்கும் கல்லூரிகளுக்கும் வாரி வழங்குபவர்கள். அரசின் ஆணைக்குக் காத்திராமல், காங்கேயத்திலோ வெள்ளகோவிலிலோ தாராபுரத்திலோ ஒரே ஓர் உடுக்கை ஆசிரியரின் ஐந்தாண்டு ஊதியத்தை ஏற்க அவர்களுள் ஒருவர் முன்வரலாம். பாட்டுக்காரர்களுள் பலர் முதுமையை எட்டிவிட்டனர். ஆகவே அந்த நியமனம் இந்த ஆண்டே நடக்க வேண்டும்.